வாடகை இல்லாத மென்பொருளும் வெள்ளிக்கிழமைப் பாட்டும்

எனக்கு வாடகை பிடிக்காது. பினாங்கில், மாக் மண்டின் தொழிற்பேட்டையில், டின் டப்பா செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தவன் நான். ஸ்பானர் வாங்கினால் அது என் ஸ்பானர். தொலைந்தால் என் தலையெழுத்து. தொலையாவிட்டால் நான் சாகும்வரை திருகும். மாதம் பிறந்ததும், "பணம் கட்டு, இல்லாவிட்டால் திருக மாட்டேன்" என்று எந்த ஸ்பானரும் என்னிடம் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் ஒரு கருவியை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். என் மனைவிக்காக ஒரு பிடிஎஃப் கோப்பைத் திருத்தப் போய் அதில் மாட்டினேன்.

அவளுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் தெரியும். நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை நிற்கும் என்பாள். வாசலில் நிற்பவருடைய செருப்பு தெரியும், முகம் தெரியாது. ஊசி போட்டால் இதற்குமேல் மோசமாகாது, போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலும் துணி துவைப்பதும் அவளுக்கு ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. நின்றது வாசிப்பு மட்டும்தான்.

வாசிப்பு நின்றால் அவளுடைய வெள்ளிக்கிழமையும் நின்றுவிடும். எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலை பஜனை நடக்கும். முன்னால் உட்கார்ந்து நடத்துபவள் அவள். கையில் வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு அவள் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அவள் வாயிலிருந்து வரி வராவிட்டால் மண்டபமே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராகம் அவளுக்கு எப்போதும் மறக்காது. நீளமான பாட்டுகளில் சொல்தான் காலை வாரும். அதனால் மடியில் புத்தகம் இருக்க வேண்டும்.

நான் மண்டபத்துக்குள் போவதில்லை. கார் நிறுத்தும் இடம் பற்றிக் கோயில் கமிட்டியோடு எனக்கு ஒரு சண்டை. யார் சொன்னது சரி என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளை இறக்கிவிட்டு, காரில் ஏர்கான் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மண்டபத்துக்கு வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கி எனக்கு வெறும் இரைச்சல். ஒரு வெள்ளிக்கிழமை அந்த இரைச்சல் பாதியில் நின்றது. தாளம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வேறொரு குரல் பாட்டைப் பிடித்துக்கொண்டது.

அவள் வந்து காரில் உட்கார்ந்தாள். வழக்கமாக யார் வந்தார்கள், யார் வரவில்லை, பிரசாதத்தில் உப்பு தூக்கல் என்று ஏதாவது சொல்வாள். அன்று ஆயர் ஈத்தாம் சந்தை தாண்டும்வரை மடியிலிருந்த புத்தகத்தின் ஓரத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசம் முடியட்டும். டீச்சரையே நடத்தச் சொல்லப் போறன்," என்றாள். டீச்சர் என்பது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாட்டைப் பாதியில் பிடித்தது அவர்தான்.

"ஏன், உனக்கு என்ன?"

"தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ அப்பா. எழுத்துத் தெரியேல்லை. எல்லாரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கினம். வெக்கமா இருக்குது."

என் மனைவி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் தாத்தா காலத்திலேயே பினாங்குக்கு வந்துவிட்டார்கள், பேச்சு மட்டும் இன்னும் அங்கிருந்து கப்பலேறவில்லை, புருஷனைக் கூப்பிடுவதும் அப்பா என்றுதான். வெட்கம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கோபம் இன்னும் கூடியது.

பாட்டுப் புத்தகத்தின் பிடிஎஃப் பஜனைக் குழுவின் வாட்சாப்பில் இருந்தது. முன்பு யாரோ தட்டச்சு செய்து அச்சடித்த புத்தகத்தின் கோப்பு அது. "அதைப் பெரிசாக்கிக் காட்டினா ஆச்சு" என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்வது சுலபம். பெரிதாக்கினால் எழுத்து மட்டுமா பெரிதாகிறது? பக்கமே பெரிதாகிறது. ஒரு வரியைப் படிக்கப் பக்கத்தை வலப்பக்கம் இழுக்க வேண்டும், அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் தள்ள வேண்டும். அதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய இளஞ்சிவப்புத் தாமரை, அதற்கு மேல் சிவப்பு எழுத்து. நல்ல கண் உள்ள எனக்கே தலைவலி. அவளுக்குத் தேவை கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஒரு திரைக்கு ஒரு வரி. அந்த வரி திரையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்படியானால் கோப்பைப் பிரிக்க வேண்டும். மெஷினைப் பிரித்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். எல்லோரும் பேர் சொல்லும் ஒரு மென்பொருளை இறக்கினேன். ஒரு வாரத்துக்கு இலவசம், ஆனால் கார்டு எண்ணை இப்போதே கொடு என்றது. இலவசத்துக்கு எதற்கடா கார்டு என்று திட்டிக்கொண்டே கொடுத்தேன்.

திறந்ததும் திட்டு நின்றுவிட்டது.

பக்கம் என்பது ஒரே தகடு என்று நினைத்திருந்தேன். அது தகடு இல்லை. பொருத்தி வைத்த பாகங்கள். தாமரையைத் தொட்டேன், அதைச் சுற்றி ஒரு கட்டம் வந்தது. டெலீட்டை அழுத்தினேன். தாமரை போய்விட்டது. அதன்மேல் இருந்த எழுத்து ஒன்றுகூட அசையவில்லை. ஓரத்தில் இருந்த கொடி அலங்காரத்தைத் தொட்டேன், அதுவும் கழன்று வந்தது. ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பாகம், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ ஆண்டுகள் கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பல்லோடு பல் கடித்து நிற்கும் அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது வரும் மரியாதை இருக்கிறதே, அதே மரியாதை எனக்கு அந்தத் திரையின் முன் வந்தது. யாரோ முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள். எந்த நாட்டில் திறந்தாலும், எந்த மெஷினில் திறந்தாலும் அந்தத் தாமரை அதே இடத்தில் பூக்கும்படி செய்திருக்கிறார்கள்.

பக்கம் பக்கமாகத் தாமரை பறித்தேன். சிவப்பைக் கறுப்பாக்கினேன். ஆனால் வரியை உடைத்துப் புதிதாக அடுக்க முடியவில்லை, இழுத்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வழி தேடிக்கொண்டிருக்கும்போதே வாரம் முடிந்துவிட்டது. ஒரு காலையில் திறந்தால், திருத்தும் பொத்தான்கள் எல்லாம் மங்கிப் போயிருந்தன. மாதச் சந்தா கட்டு என்றது. அதிலும் ஆண்டு முழுவதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். நடுவில் விலகினால் அபராதமாம். என் கோப்பு, என் கம்ப்யூட்டர், என் மேசை. பூட்டு மட்டும் அவனுடையது. நல்ல மூளைக்காரர்கள் கட்டிய மெஷினுக்கு முன்னால் ஒரு வட்டிக்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. கட்டவில்லை. கார்டு எண்ணை நீக்க வழி தேடியதில் அந்தக் காலை முழுவதும் போனது.

டவுனில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அங்கே என் பிரிண்டரை வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நாற்பது வயது இருக்கும். எல்லோரையும் அண்ணே என்பார், விலை கேட்டால் மட்டும் பக்கத்துக் கடைச் சீனரிடம் சீனம் பேசித் தப்பித்துவிடுவார்.

"மாச வாடகை இல்லாம, ஒரு தடவை காசு குடுத்தா எனக்கே சொந்தமாகிற பிடிஎஃப் எடிட்டர் வேணும்," என்றேன்.

"இருக்குண்ணே. லைஃப்டைம் லைசன்ஸ்."

"யாரோட லைஃப்?"

"என்னாண்ணே?"

"லைஃப்டைம்னா யாரு உசுரு? என்னுதா, உன்னுதா, கம்பெனிக்காரனுதா?"

அவர் சிரித்தார். "இந்த வெர்ஷனோட லைஃப்லா. புது வெர்ஷன் வந்தா அதுக்குத் தனிக் காசு. பழசை நீங்க வச்சிக்கிட்டே இருக்கலாம், யாரும் புடுங்க மாட்டான்."

"நெட் இல்லாட்டி ஓடுமா?"

"ஓடும்."

"கம்ப்யூட்டர் மாத்துனா?"

"பழசுல எடுத்துட்டுப் புதுசுல போட்டுக்கலாம். என்னாண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி கேக்குறீங்க?"

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்ளோ கேக்கலே தம்பி. மெஷினை ஓட்டிக் காட்டு."

ஓட்டிக் காட்டினார். கடையில் இருந்த ஒரு மலாய் விண்ணப்பப் பாரத்தைத் திறந்து, வரியை உடைத்தார், நகர்த்தினார், எழுத்தைப் பெரிதாக்கினார். தண்ணீர்போல ஓடியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. புதுச் சாமான் எதுவானாலும் மலாயிலோ இங்கிலீஷிலோ ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிவிடுவோம். தமிழை வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியே எடுப்போம்.

வீட்டில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியைப் பிடித்து, பெரிய எழுத்துக்கு மாற்றினேன். தமிழ் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்துகளும், அடைப்புக்குறிகளும், கேள்விக்குறியும் குவிந்து கிடந்தன. வேறு வரி பிடித்தேன். அதே குப்பை. நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினேன். அங்கேயும் குப்பை.

காசு போச்சு என்ற கோபம் முதலில் வந்தது. அது கொஞ்சம் அடங்கியதும் உட்கார்ந்து அதையே பார்த்தேன். அந்தக் குப்பை குப்பையே இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அதே இங்கிலீஷ் எழுத்துதான் திரும்பத் திரும்ப வந்தது. தட்டச்சு செய்த காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அந்த ஆள் இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தி வேலையை முடித்திருக்கிறார். மெஷினைப் பொறுத்தவரை அது இத்தனை காலமும் இங்கிலீஷில் உளறிக்கொண்டிருந்தது. அந்த உளறலைப் பார்த்து ஒரு மண்டபம் முழுவதும் சாமி பாட்டுப் பாடியிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இடமில்லாத வீட்டில் எப்படியோ ஒரு மூலையைப் பிடித்துப் பாய் விரித்துவிட்ட சனங்கள் நாங்கள் என்று தோன்றியது.

ஆனால் சிலிர்ப்பு எழுத்தைப் பெரிதாக்கித் தராது. மறுநாள் கடைக்குப் போனேன். இந்த முறை பாட்டுப் புத்தகத்தைப் பென் டிரைவில் கொண்டுபோனேன்.

"திறந்த சாமானைத் திருப்பி எடுக்க முடியாதுண்ணே," என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"எடுக்க வேணாம். இதுக்கு வழி சொல்லு." பக்கத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அல்லா. பழைய ஃபான்ட்டு. இது சுசாலா அண்ணே, ரொம்பக் கஷ்டம். எங்க பள்ளிவாசல் ஆண்டு மலருக்கும் இதே பிரச்சனை. பேசாம எல்லாத்தையும் திருப்பி டைப் பண்ணச் சொல்லிட்டாங்க."

"நான் டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள என் பொண்டாட்டி பாட்டையே விட்டுருவா."

"அக்கா பாடுறாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் விற்பனைக்காரர் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். எழுத்தை உள்ளே தேடக் கூடாது, பக்கத்தைப் படமாக எடுத்து, மனிதன் கண்ணால் படிப்பதுபோல மெஷினைப் படிக்க வைக்க வேண்டும் என்றார். அப்படிப் படிக்கும் மென்பொருள்கள் உண்டு, அதில் தமிழ் தெரிந்தவை கொஞ்சம், மாத வாடகை இல்லாதவை அதைவிடக் கொஞ்சம். ஒவ்வொன்றாக இறக்கினோம். ஒவ்வொன்றுக்கும் என் பக்கத்தையே கொடுத்தோம். ஒன்று தமிழைப் பார்த்துவிட்டுக் கட்டம் கட்டமாகத் துப்பியது. ஒன்று கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டது. ஒன்று நன்றாகப் படித்தது, ஆனால் படிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எங்கேயோ கடல் தாண்டி அனுப்பி, அதற்கு மாதக் கணக்கு வைத்தது. வேண்டாம் என்றேன்.

கடைசியாக ஒரு சின்னக் கம்பெனியின் மென்பொருள். ஒரு முறை காசு. நெட் வேண்டாம். பக்கத்தைக் கொடுத்தோம். ஒரு பச்சைக் கோடு மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. அது இறங்க இறங்க வலப்பக்கத்தில் தமிழ் வந்தது. உண்மையான தமிழ். தொட்டால் தமிழாகவே இருக்கும் தமிழ். கடைக்காரர் ஒரு சொல்லை இழுத்து அடுத்த வரியில் போட்டார். போனது. பெரிதாக்கினார். பெரிதானது.

ஒரு குழந்தை முதல் முறையாகப் பலகையைப் பார்த்துக் கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் மூச்சை அடக்கிக்கொள்வாரே, அப்படி நின்றோம். கண் இல்லாத மெஷின் படிக்கிறது. கண் இருந்தவளால் படிக்க முடியவில்லை. அந்த நினைப்பு எனக்குக் கோபத்தையும் கொடுத்தது, கும்பிடவும் தோன்றியது.

"மலருக்கும் இதையே போடலாம்போல," என்று முணுமுணுத்தார் கடைக்காரர். முன்பு விற்றதன் விலையில் பாதியை இதில் கழித்துக்கொண்டார். கேட்காமலேயே செய்தார், அதனால் அவரைத் திட்ட வைத்திருந்த சொற்கள் வீணாகப் போயின.

மெஷின் தப்பும் செய்தது. துணைக்கால் வரும் இடத்தில் ர போட்டது, புள்ளியை விழுங்கியது. காலையில் பசியாறிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாகச் சரி பார்த்தேன். சந்தேகம் வந்தால் உரக்கப் படிப்பேன். அவள் சமையல்கட்டிலிருந்து சொல்வாள்.

"அப்பிடி இல்லை. அதிலை ஒரு சொல்லு விட்டுட்டியள்."

"விடல. மெஷின் விட்டுருக்கு."

"மெஷினுக்குச் சாமி குத்தம் வராது. உங்களுக்குத்தான் வரும்."

சரி பார்த்ததைக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக, திரைக்கு ஒரு வரியாக அடுக்கி, மகள் எப்போதோ விட்டுப்போன டேப்லெட்டில் ஏற்றினேன். மனைவியிடம் கொடுத்தேன். நேராகப் பார்க்காமல், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாசித்தாள். முழு வரியையும், நிற்காமல்.

"தெரியுது," என்றாள். உடனே எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. டீச்சரிடம் ஒப்படைப்பதாக அவள் சொல்லி வைத்திருந்த நாள். கார் கோயிலை நெருங்கும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"இஞ்சேருங்கோ. திரைக்கு ஒரு வரியெண்டா, வரிக்கு வரி ஆர் தட்டுறது? எனக்கு ரெண்டு கையிலையும் தாளம்."

நான் அதை யோசிக்கவே இல்லை.

"டீச்சர் தட்டட்டும்."

"அவ கண்ணை மூடிக்கொண்டு பாடுறவ."

ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் போனேன். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். நான் பெண்கள் பக்கத்தில், முன் வரிசையில், அவளுக்கு அருகில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டார், "என்னாண்ணே, சேலை கட்டாம வந்துட்டீங்க?" இன்னொருவர், "கார் பார்க்கிங் கெடைக்கலயாம், உள்ளயே நிறுத்திட்டாரு." பெண்கள் பக்கம் முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. கமிட்டிக்காரர்கள் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நானும் திருப்பிப் பார்த்தேன்.

முதல் பாட்டில் நான் தாமதமாகத் தட்டினேன். மற்றவர்கள் வரியைத் திருப்பிப் பாடி முடித்த பிறகுதான் அடுத்த வரி வந்தது. அவள் தடுமாறினாள். முழங்கையால் என் விலாவில் இடித்தாள். இரண்டாவது பாட்டில் முந்திக்கொண்டு தட்டினேன், பாடிக்கொண்டிருந்த வரியே அவளைவிட்டு ஓடிவிட்டது. மறுபடி இடி, இந்த முறை பலமாக.

பிறகு நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் வரியை முடிப்பதற்குச் சற்று முன்னால் அவளுடைய தோள் ஒரு நூல் அளவுக்கு இறங்குகிறது. மற்றவர்கள் பாடும்போது மூச்சு உள்ளே போகிறது, கழுத்து நரம்பு அசைகிறது. அந்த இடம்தான் தட்டும் இடம். மெஷினில் வால்வு திறக்கும் நொடி மாதிரி. அதைப் பிடித்த பிறகு தப்பவில்லை. நான் தட்டினேன், அவள் எடுத்தாள், மண்டபம் முழுவதும் திருப்பிக் கொடுத்தது. எங்கோ ஒரு கம்பெனிக்காரன் எழுதிய கணக்கு, யாரோ இங்கிலீஷ் எழுத்துக்குப் போர்த்திய தமிழ், என் விரல், அவள் மூச்சு, எல்லாம் ஒரே சங்கிலியில் ஓடின.

அப்போதுதான் குரல் என் காதில் விழுந்தது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த குரல். இவ்வளவு அருகில் அதற்கு ஒரு கனம் இருந்தது. சம்மணமிட்டிருந்த என் காலுக்கு அடியில் தரை அதிர்ந்தது. வீட்டில் உப்பு, வாடகை, மருந்து என்று பேசும் அதே தொண்டை. மேல் சுரத்துக்குப் போனபோது அவள் முகத்தில் கண் தெரியாதவளின் தவிப்பு எதுவும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தட்ட மறந்துபோனது.

மண்டபம் வரியைத் திருப்பிப் பாடி முடித்துவிட்டது. அடுத்த வரி திரையில் இல்லை. அவள் நிற்கவில்லை, இடிக்கவும் இல்லை. பழைய வரியின் கடைசிச் சொல்லை மறுபடி எடுத்து இழுத்தாள். வளைத்தாள், ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். ஏதோ புதுச் சங்கதி போடுகிறாள் என்று நினைத்து டீச்சர் கண்ணைத் திறந்து, தலையை ஆட்டினார். பின்னால் யாரோ "ஆஹா" என்றார்கள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, கண் ஓரத்தால் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் தட்டினேன்.